ஆர்க்கிடுக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

1

நாலு வருஷத்துக்கு முன்னால், பெங்களூரில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடும் வாசிப்புக் குழுவில், சூசன் ஓர்லீனின் 'தி ஆர்க்கிட் தீஃப்' பற்றி அரைமணி நேரம் பேசினேன். எழுதித் தயாரித்துக்கொண்டு போன உரை. ஆர்க்கிட் என்பது வேட்கையின் படிமம், கைக்கு எட்டாத ஒன்றின் மேல் மனிதனுக்கு இருக்கும் பித்து, அழகுக்கும் அழிவுக்கும் இடையிலான மெல்லிய கோடு என்றெல்லாம் அடுக்கினேன். நண்பர்களுக்குப் பிடித்திருந்தது. அடுத்த கூட்டத்துக்கு ஒருவர் எனக்காக ஒரு ஃபெலனாப்ஸிஸ் செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளைப் பூ, நடுவில் கொஞ்சம் மஞ்சள். ஐ.டி. கம்பெனி வரவேற்பறைகளிலும் ஹோட்டல் லாபிகளிலும் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

ஐந்து மாதத்தில் அந்தச் செடி அழுகிச் செத்தது.

என் உரைக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தம் உண்டு என்பது பிறகுதான் உறைத்தது. ஆர்க்கிட் என்றால் என்ன 'அர்த்தம்' என்று அரைமணி நேரம் பேசத் தெரிந்த எனக்கு, அது எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்று தெரிந்திருக்கவில்லை. அது மட்டுமல்ல, அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பழைய உரைக்கு நானே எழுதும் மறுப்பு.

2

முதலில் கொலை எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் செய்தது எந்த சாஃப்ட்வேர்காரனும் செய்வதுதான். மொபைலில் ரிமைண்டர் வைத்தேன். ஞாயிறு காலை 9 மணி, 200 மில்லி. செடி ஒரு பீங்கான் தொட்டிக்குள் இருந்தது, அதற்கு அடியில் ஓட்டை கிடையாது. மூன்றாம் மாதம் இலைகள் துவண்டு சுருக்கம் விழ ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லை போல என்று புதன்கிழமைக்கும் ஒரு ரிமைண்டர் சேர்த்தேன். இலை இன்னும் துவண்டது. இன்னும் ஊற்றினேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தபோது வேரெல்லாம் பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தது. விரலால் அழுத்தினால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து நடுவில் நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சியது.

நான் கணிதம்-உயிரியல் குரூப் படித்தவன். வாண்டா என்கிற ஆர்க்கிட், தொற்றுத் தாவரம், காற்றில் தொங்கும் வேர்கள், அவற்றின் மேல் 'வேலமன் திசு' என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தவன். அந்தத் திசுவின் வேலை என்னவென்று இருபது வருஷம் கழித்து, ஒரு செடியைக் கொன்ற பிறகுதான் புரிந்தது. வேலமன் என்பது வேரைச் சுற்றியிருக்கும் இறந்த செல்களாலான பஞ்சு. மழை பெய்யும் கொஞ்ச நேரத்தில் தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துவைத்துக்கொள்ளும், பிறகு காற்றில் உலரும். உலர்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளிச் சாம்பல் நிறமாகத் தெரியும். நனைந்ததும் அந்தப் பஞ்சு கண்ணாடி போலாகி, உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று செடி சொல்வது அந்த நிறத்தில்தான். மரக்கிளையில் தொற்றி வளரும் ஒன்றுக்கு வேர் நனைவதைப் போலவே காய்வதும் முக்கியம். ஓட்டையில்லாத தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று போகாது, அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம். தண்ணீர் இல்லாமல் காயும் ஆர்க்கிடின் இலையும், தண்ணீர் மிகுந்து அழுகும் ஆர்க்கிடின் இலையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். அறிகுறி ஒன்று, காரணங்கள் நேரெதிர். இலையை மட்டும் வாசிக்கிறவன் தப்பாக வாசித்துவிட்டு, அந்தத் தப்பான வாசிப்பின் பேரில் அன்பு காட்டி, அந்த அன்பினாலேயே கொல்வான். லாக் பார்க்காமல் சர்வரை ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருப்பதைப் போல.

நான் ஓர்லீனின் புத்தகத்தையும் இலையை மட்டும் பார்த்துத்தான் வாசித்திருந்தேன்.

3

ஆங்கில இலக்கியத்தில் ஆர்க்கிட் வரும் இடங்களைத் திரும்ப எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஒரே கேள்வி: இங்கே தண்ணீர் ஊற்றுவது யார்?

எச். ஜி. வெல்ஸின் 'த ஃப்ளவரிங் ஆஃப் த ஸ்ட்ரேஞ்ச் ஆர்க்கிட்' 1894-இல் வந்த சிறுகதை. வெடர்பர்ன் தனியாக வாழும், கூச்ச சுபாவமுள்ள ஒருவர். வாழ்க்கையில் எதுவும் நடக்கவில்லையே என்கிற ஏக்கம் அவருக்கு. ஏலத்தில் பெயர் தெரியாத ஓர் ஆர்க்கிட் கிழங்கை வாங்குகிறார். அதைச் சேகரித்தவன் சதுப்புநிலத்தில் செத்துக் கிடந்தவன், உடம்பில் ரத்தமே இல்லாமல். வெடர்பர்னின் கண்ணாடி வீட்டில் அது காற்று வேர்களை நீட்டி வளர்கிறது. ஒருநாள் பூக்கிறது. பூவின் வாசனையில் அவர் மயங்கி விழ, அந்த வேர்கள் அவர் மேல் ஒட்டி ரத்தம் குடிக்கின்றன.

கல்லூரிக் காலத்தில் இதை வாசித்தபோது, காலனிய நாடுகளிலிருந்து பிடுங்கிவந்த செடி காலனியவாதியின் ரத்தத்தைக் குடிக்கிறது என்று உற்சாகமாகப் பேசியிருக்கிறேன். அந்த வாசிப்பு தப்பில்லை. ஆனால் அந்தக் கதையில் இன்னொருவர் இருக்கிறார். வெடர்பர்னின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தூரத்து உறவுக்காரப் பெண். அவருக்குக் கடைசிவரை பெயர் கிடையாது. அந்த வேர்கள் விரல்கள் மாதிரி இருக்கின்றன, எனக்குப் பிடிக்கவில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்கிறவர் அவர்தான். வெடர்பர்ன் பூவுக்குக் காத்திருக்கிறார், அந்தப் பெண் வேரைக் கவனிக்கிறார். மாலை டீக்கு ஆள் வரவில்லையே என்று தேடிப்போகிறவரும் அவர்தான். ஒரு பூந்தொட்டியை எடுத்துக் கண்ணாடிகளை உடைத்து, வெளிக்காற்றை உள்ளே விட்டு, அவரை இழுத்து வெளியே போடுகிறார். மறுநாள் அந்தச் செடி குளிரில் கறுத்து அழுகிக் கிடக்கிறது. வெடர்பர்ன் மாடியில் தன் சாகசத்தைச் சளசளவென்று பேசிக்கொண்டிருக்கிறார். கதை அங்கே முடிகிறது.

யாருடைய சாகசம்? வெல்ஸ் அந்தக் கிண்டலைத் தெளிவாகத்தான் வைத்திருக்கிறார். அதைக் கவனிக்காமல் தாண்டிப்போனது நான்.

ரேமண்ட் சாண்ட்லரின் 'த பிக் ஸ்லீப்' (1939) தொடக்கத்தில் வரும் கண்ணாடி வீடு இன்னும் பிரபலம். ஜெனரல் ஸ்டெர்ன்வுட் சக்கர நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்க, எதிரே துப்பறியும் மார்லோ வியர்த்து ஊற்றுகிறான். சுற்றிலும் ஆவி, சொட்டும் ஈரம், அருவருப்பான சதை மாதிரி ஆர்க்கிடுகள். ஜெனரலுக்கு ஆர்க்கிடே பிடிக்காது. தன் உடம்புக்கு வேண்டிய சூட்டுக்கு அவை ஒரு சாக்கு என்று அவரே சொல்லிவிடுகிறார். அந்தப் பக்கங்களில் ஈரம் தானாகவே கண்ணாடியிலிருந்து வருகிறது, யார் கையிலிருந்தும் அல்ல. சாண்ட்லருக்கு வேண்டியது புழுக்கம். ஆர்க்கிட் என்றாலே சூடு, ஈரம், அழுகல் என்கிற எண்ணம் வாசகன் மனதில் ஏற்கெனவே இருந்ததால் அவர் வேலை சுலபமாகிவிட்டது.

அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

4

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாக ஆர்க்கிடுகள் போயின. அங்கே அவற்றை 'ஸ்டவ்' என்று அழைக்கப்பட்ட கண்ணாடி அறைகளில் வைத்து, காற்றே புகாமல் மூடி, கொதிக்கக் கொதிக்கச் சூடேற்றி, ஈரத்தில் ஊறவைத்தார்கள். வெப்பமண்டலம் என்றால் புழுங்கும் காடு, ஆகவே ஆர்க்கிடுக்கும் புழுக்கம் வேண்டும் என்பது கணக்கு. ஆயிரக்கணக்கில் செத்தன. சாட்ஸ்வர்த்தில் டெவன்ஷையர் பிரபுவின் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன் போன்றவர்கள் 1830-களில் காற்றோட்டம் கொடுத்து, செடிக்குச் செடி சூட்டை மாற்றிவைத்துப் பார்த்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. வெல்ஸின் அந்தப் பெண் கண்ணாடியை உடைத்துக் காற்றை உள்ளே விடும் காட்சியை இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அறுபது வருஷத்துக்கு முன்னால் தோட்டக்காரர்கள் நிஜமாகவே செய்திருக்க வேண்டியது அதைத்தான்.

ஆர்க்கிட் பற்றிய எழுத்தில் என்னை அதிகம் பாதித்த பக்கம் எந்தக் கதையிலும் இல்லை. ஜோசப் டால்டன் ஹூக்கரின் 'ஹிமாலயன் ஜர்னல்ஸ்' (1854) பயணநூலில் இருக்கிறது. இன்றைய மேகாலயாவின் காஸி மலைகளில் அவர் நீல வாண்டாவைப் பார்க்கிறார். எங்கே வளர்கிறது என்று கவனித்து எழுதுகிறார்: குட்டையான, முறுக்கேறிய, இலை அடர்த்தியில்லாத ஓக் மரங்களின் கிளைகளில். வெயிலும் காற்றும் குளிரும் நேராக வந்து படும் இடத்தில். எப்போதும் சூடும் ஈரமும் வேண்டும் என்று நம்பி வளர்க்கும் தோட்டக்காரர்களின் கண்ணாடி அறைக்கு நேரெதிரான இடம் இது என்று சுட்டிக்காட்டவும் செய்கிறார். தண்ணீர் ஊற்றுவது பற்றி நான் வாசித்ததிலேயே நல்ல உரைநடை இதுதான், தண்ணீர் என்கிற விஷயமே பெரிதாக வராமல். செடியைப் பார்ப்பதற்கு முன் கிளையைப் பார்க்கிறார்.

அடுத்த வரிகள் மனதை உடைப்பவை. அவரும் அவர் கூட்டாளியும் கியூ தோட்டத்துக்காக அந்தச் செடியை ஏழு ஆள் சுமை சேகரித்து அனுப்புகிறார்கள். உயிரோடு போய்ச் சேர்ந்தவை கொஞ்சம்தான். வேறொருவர் அனுப்பிய ஒரே ஒரு சுமை, மோசமான நிலையில் போயும் 300 பவுண்டுக்கு விற்றது என்றும் குறிக்கிறார். அவ்வளவு துல்லியமாகப் பார்க்கத் தெரிந்த அதே கண், அதே பக்கத்தில் மலையைச் சுரண்டிக்கொண்டும் இருக்கிறது. நன்றாக வாசிக்கத் தெரிந்தவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்கிற இலக்கிய வாசகனின் செல்ல நம்பிக்கைக்கு இந்தப் பக்கம் ஒரு குட்டு.

நமக்குப் பூவை வாசிக்கத் தெரியும் என்ற பெருமை உண்டு. முல்லை என்றால் காத்திருத்தல், நெய்தல் என்றால் இரங்கல் என்று பள்ளியிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களை மனப்பாடமாகச் சொல்கிறவர்களை யூடியூபில் பார்க்கிறோம். ஆனால் திணையில் பூ தனியாக வருவதில்லை. நிலம், பொழுது, நீர், அங்கே வாழும் ஆள், அவர் செய்யும் தொழில் எல்லாவற்றோடும் சேர்ந்துதான் வருகிறது. ஜன்னலோரத் தொட்டியில் இருக்கும் ஃபெலனாப்ஸிஸுக்கு நிலம் இல்லை, மழை இல்லை, கிளை இல்லை. அதன் திணையிலிருந்து மொத்தமாகப் பிய்த்து வரப்பட்டது. தண்ணீர் ஊற்றுகிறவர் செய்வது, இல்லாத அந்த நிலத்தைக் கொஞ்ச நேரம் நடித்துக் காட்டுவது. பத்து நிமிஷம் மழையாக இருப்பது, பிறகு நாலைந்து நாள் காற்றாக இருப்பது.

5

அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஃபெலனாப்ஸிஸ் சிலவற்றின் லேபிளில் 'வாரம் மூன்று ஐஸ் கட்டி' என்று போட்டிருக்கும். ஆர்க்கிட் ஆர்வலர்கள் இதைப் பார்த்தால் கொதிப்பார்கள். வெப்பமண்டலச் செடியின் வேரில் ஐஸா என்று. நானும் சிரித்தவன்தான். ஆனால் ஒஹாயோ, ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மரப்பட்டைத் துண்டுகளில் வளரும் ஃபெலனாப்ஸிஸுக்கு ஐஸ் கட்டி வைத்ததால் பூ நிற்கும் காலம் குறையவில்லை என்று காட்டினார்கள்.

ஒரு பிரதியாக வாசித்தால் அந்த லேபிள் புத்திசாலித்தனமானது. அதை எழுதியவருக்குச் செடியைவிட மனிதனை நன்றாகத் தெரிந்திருக்கிறது. இவன் கையில் கிளாஸைக் கொடுத்தால் கொட்டித் தீர்ப்பான், மூன்று ஐஸ் கட்டிக்கு மேல் போக மாட்டான் என்கிற கணக்கு. அன்புக்கு ஒரு அளவுக் கரண்டி. ஆனால் அது வாசகனை வாசகனாக்குவதில்லை. மூன்று கட்டி போட்டவனுக்கு வேரைப் பார்க்க வேண்டிய அவசியமே வராது. நம் இலக்கிய உலகில் 'இந்த நாவல் சொல்லும் ஐந்து செய்திகள்' என்று வரும் பதிவுகள் மாதிரி. செடி சாகாது, அவ்வளவுதான்.

இதற்கு எதிர்முனையில் ரெக்ஸ் ஸ்டவுட். 1934-இல் தொடங்கிய அவருடைய நீரோ உல்ஃப் துப்பறியும் கதைகளில், உல்ஃப் வீட்டு மாடியில் பத்தாயிரம் ஆர்க்கிடுகள். காலை 9 முதல் 11, மாலை 4 முதல் 6, கொலையே நடந்தாலும் அவர் செடிகளோடுதான் இருப்பார். வீட்டை விட்டு வெளியே போகமாட்டார். இதெல்லாம் ரசிகர்களுக்குத் தெரிந்ததுதான். பத்தாயிரம் செடியை நாலு மணி நேரத்தில் ஒருவர் பார்த்துக்கொள்ள முடியுமா? முடியாது. அதற்குத் தியோடர் ஹார்ஸ்ட்மன் என்றொருவர் இருக்கிறார். கதைக்குக் கதை அவர் மாடியில் இருக்கிறார் என்ற அளவில்தான் நமக்குத் தெரியும்.

1949-இல் வெளியான 'டோர் டு டெத்' குறுநாவலில் மட்டும் ஒன்று நடக்கிறது. தியோடரின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அவர் கிளம்பிப் போய்விடுகிறார், எப்போது திரும்புவார் என்று தெரியாது. வீட்டை விட்டு நகராத உல்ஃப், மாற்று ஆள் தேடி, குளிர்காலத்தில், தானே கிளம்பி ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டுக்குப் போகிறார். அங்கே கண்ணாடி வீட்டில் பிணம். மீதிக் கதை நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கதையின் முதல் அசைவு போதும். அந்த வீட்டின் மொத்த ஒழுங்கும் யார் மேல் நின்றது என்பது அவர் இல்லாதபோதுதான் தெரிகிறது. தியோடர் இருக்கும் கதைகளில் நாம் உல்ஃபைப் பார்க்கிறோம். தியோடர் இல்லாத கதையில்தான் தியோடரைப் பார்க்கிறோம்.

6

இப்போது ஓர்லீனுக்குத் திரும்புகிறேன். 1998-இல் வந்த புத்தகம். ஃப்ளோரிடாவின் ஃபாகஹாட்சி சதுப்புக்காட்டில் 1994-இல் ஜான் லரோஷும் செமினோல் பழங்குடி ஆட்கள் மூவரும் தலையணை உறைகளில் அடைத்த ஆர்க்கிடுகளோடு பிடிபடுகிறார்கள். அந்த வழக்கிலிருந்து தொடங்கி, பேய் ஆர்க்கிட் என்கிற அபூர்வச் செடியின் பூவைப் பார்க்க அலைகிறார் ஓர்லீன். கடைசிவரை பூத்த நிலையில் பார்ப்பதில்லை. 2002-இல் வந்த 'அடாப்டேஷன்' படம் மூலம் நம்மில் பலருக்கு இந்தக் கதை தெரியும்.

பார்க்க முடியாத பூ, ஆகவே அடைய முடியாத ஆசை. என் உரை இந்த ஒரு வரியின் மேல்தான் நின்றது. இப்போது என்னை உறுத்தும் விஷயம், பேய் ஆர்க்கிடுக்கு இலையே கிடையாது என்பது. மரத்தண்டில் ஒட்டிப் பரவிய வேர்க் கொத்து, அவ்வளவுதான் செடி. ஒளிச்சேர்க்கை செய்வதும் அந்த வேர்களே. பூ இல்லாதபோது அது எங்கேயும் போய்விடுவதில்லை, அங்கேயேதான் இருக்கிறது. மரப்பட்டையோடு மரப்பட்டையாக வேர் இருப்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை. பூ அந்தரத்தில் மிதப்பதாகத் தோன்றுவதும் அதனால்தான். 'பேய்' என்ற பெயர் பூவைப் பற்றியது போல இருக்கிறது. எனக்கென்னவோ அது நாம் வேரைப் பார்க்காததைப் பற்றிய பெயர் என்று படுகிறது.

ஒரு நாவல் தோட்டக்கலைக் கையேடாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாண்ட்லர் ஆர்க்கிடுக்கு எப்படித் தண்ணீர் ஊற்றுவது என்று எழுதியிருந்தால் யாரும் வாசித்திருக்க மாட்டோம். என் குறை எழுதியவர்கள் மேல் அல்ல. வெல்ஸ் அந்தப் பெண்ணை எழுதியிருக்கிறார், ஸ்டவுட் தியோடரை எழுதியிருக்கிறார், ஓர்லீன் செடி வளர்ப்பவர்களையும் நர்சரிக்காரர்களையும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். படிமத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இவர்களையெல்லாம் தாண்டிப்போனது வாசித்த நான். பூவை எடுத்துக்கொண்டு செடியை விட்டுவிடுகிற வாசிப்பு அது. பூ உதிர்ந்ததும் செடியைக் குப்பையில் போடுகிறவர்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை.

7

இரண்டாவது செடியை நானே வாங்கினேன். அடியில் ஓட்டையுள்ள, உள்ளே வேர் தெரிகிற பிளாஸ்டிக் தொட்டி, மரப்பட்டைத் துண்டுகள். நன்றாகத்தான் வந்தது. கோவில்பட்டியிலிருந்து அம்மா வந்து ஒரு மாதம் தங்கியபோது, ஒருநாள் ஆபீஸ் முடிந்து வந்து பார்த்தால் தொட்டி நிறைய செம்மண். அபார்ட்மெண்ட் பூங்காவிலிருந்து பையில் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்.

"வேரெல்லாம் வெளிய கெடக்கேய்யா, பாக்கவே பாவமா இருந்துச்சு. மண்ணு போட்டு ரெண்டு செம்பு தண்ணி ஊத்துனேன்."

நான் கத்திவிட்டேன். வேலமன், காற்றோட்டம், மரப்பட்டை என்று என்னென்னவோ பேசினேன். இனிமே எதையும் தொடாதீங்கம்மா என்று முடித்தேன். வழக்கமாக அம்மாவை 'ங்க' போட்டுப் பேசமாட்டேன், கோபத்தில்தான் அது வரும். அதன் பிறகு மீதி இருந்த பத்து நாளும் அவர் எந்தச் செடியையும் தொடவில்லை. துளசிக்குக்கூட நான் ஊற்றுகிறேனா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டாவது மாடியில், பாஷை தெரியாத ஊரில், அவருக்கென்று இருந்த ஒரே வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன் என்பது அவர் ஊருக்குப் போன பிறகுதான் புரிந்தது. வெளியே கிடக்கும் வேரைப் பார்த்து அவருக்குப் பாவமாக இருந்தது. வாசித்தது தப்பு. ஆனால் வேரைப் பார்த்திருக்கிறார். நான் முதல் செடியில் அதைக்கூடச் செய்யவில்லை.

இப்போது இருப்பது மூன்றாவது. ரிமைண்டரை அழிக்கவில்லை, 'தண்ணி' என்று இருந்ததை 'பார்' என்று மாற்றினேன். வேர் வெள்ளி நிறத்துக்கு வந்திருந்தால், தொட்டி கைக்கு லேசாக இருந்தால், காலையில் சிங்க்குக்குக் கொண்டுபோய் ஒரு நிமிஷம் குழாயடியில் காட்டி, கால்மணி நேரம் வடியவிட்டு, இலைகள் கூடும் குருத்தில் தேங்கிய தண்ணீரை டிஷ்யூவால் ஒற்றியெடுத்துவிட்டு, திரும்ப ஜன்னலோரம் வைக்கிறேன். ஏப்ரலில் நாலு நாளுக்கு ஒருதரம் கேட்கிறது. ஜூலை மழையில் பத்துப் பன்னிரண்டு நாள்கூடத் தாங்குகிறது. இன்னும் பூக்கவில்லை.

போன ஜனவரியில் அம்மா மறுபடி வந்தார். அந்தத் தொட்டிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் நானே கூப்பிட்டு, வேரின் நிறத்தைக் காட்டி, ம்மா, இது வெள்ளையாயிருந்தா ஊத்தலாம், பச்சையாயிருந்தா வேண்டாம் என்றேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தொட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், கேஸ் சிலிண்டர் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஆட்டிப் பார்ப்பாரே, அப்படி.

"கனமாத்தான்யா இருக்கு. இன்னைக்கு வேண்டாம்," என்று கீழே வைத்தார்.

வேர் பச்சையாகத்தான் இருந்தது.